அடடாக் குருவியும் அரிவாள்மூக்கனும்

வாசகர் கேள்வி – பதில்

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் மளிகைக்கடைச் சீட்டு போல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கும். இந்த முறை அப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவில் மகள் வீட்டில் தங்கித் திரும்பிய வாசகி ஒருவர், அங்கே தம்மைத் தூங்கவிடாத ஒரு பறவையைப் பற்றி எழுதிய நான்கு வரிகளைச் சென்ற இதழின் கடிதங்கள் பக்கத்தில் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளும், அவரே மறுபடி விரிவாக எழுதிய கேள்வியும் சேர்ந்து பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன.

கேள்வி: மகளின் பிரசவத்திற்காக ஜொகன்னஸ்பர்க்கில் மூன்று மாதம் இருந்தேன். தினமும் இருட்டுப் பிரியும் முன்பே, கூரைக்கு மேலே நான்கைந்து பறவைகள் “ஹா… ஹா… ஹா-டி-டா” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போகும். முதல் நாள் பதறி எழுந்து, “ஏன் அம்மணி, பக்கத்து வீட்டில் என்ன சண்டை?” என்று மகளைக் கேட்டேன். மாப்பிள்ளைதான், “சண்டை இல்லீங்க அத்தை, அது இந்த ஊர் அலாரம்” என்று சிரித்தார். எனக்கு அந்தச் சத்தம் “அடடா, அடடா” என்றே காதில் விழுந்ததால், மூத்த பேரனுக்கு “அடடாக் குருவி” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதன் சரியான பெயர் என்ன, அது எப்படி வந்தது? பார்வைக்கு நம் ஊர் அரிவாள்மூக்கன் போலவே இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா? எடுத்த படங்கள் மூன்றை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, காங்கேயம் வட்டம்

பதில்: அதன் பெயர் ஹாடிடா. உங்கள் “அடடா”வுக்கும் அதற்கும் இடையே எவ்வளவு குறைந்த தூரம் என்பதைக் கவனியுங்கள், அம்மா. நீங்கள் பெயர் வைத்த வழியில்தான், அதாவது அதன் கூப்பாட்டைக் காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொன்ன வழியில்தான், அந்தப் பெயரும் பிறந்தது. 1770களில் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் அலைந்து திரிந்த ஆண்டர்ஸ் ஸ்பார்மன் என்னும் சுவீடன் நாட்டு இயற்கையாளர் (இவர் உயிரினங்களுக்கு இருசொல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர்) தம் பயணக் குறிப்பில் இந்தப் பறவையை “ஹாகெடாஷ்” என்று எழுதி வைத்தார். அந்தக் குறிப்பை அடிப்படையாகக் கொண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த பறவையியலாளர் ஜான் லேதம் 1790இல் “டான்டலஸ் ஹாகெடாஷ்” என்று அறிவியல் பெயர் சூட்டினார். முன்பாதி பிற்பாடு மாறி, இன்று அது “போஸ்ட்ரிக்கியா ஹாகெடாஷ்” என்று வழங்குகிறது. பின்பாதி அசையவே இல்லை. பறவை கத்திய கத்தல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் பெயருக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மாறிவந்த அந்த முன்பாதி கூந்தல் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. இதன் உறவுப் பறவைகள் சிலவற்றுக்குப் பிடரியில் கொண்டை உண்டு. ஹாடிடாவுக்கோ கொண்டை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த மண்ணின் மக்கள் வைத்திருக்கும் பெயர்களும் காதின் வேலைதான். ஜூலு மொழியில் இதை “இன்கன்கானே” என்றும், கோசா மொழியில் “இங்ஙங்ஙானே” என்றும் சொல்வார்கள். இரண்டாவது பெயரை ரோமன் எழுத்தில் எழுதுகிறவர்கள் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு மேற்குறியும் இட்டுச் சமாளிக்கிறார்கள். அங்ஙனம், இங்ஙனம் என்பவற்றைத் தவிர வேறெங்கும் உயிரேறி வராத நம்முடைய ஙகரத்திற்கு இந்தப் பறவையால் ஒரு வேலை கிடைத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மூன்று பெயர்களையும் மூக்கால் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், மூன்றும் ஒரே பறவை என்பது விளங்கிவிடும்.

தமிழுக்கும் இந்த வழி புதிதன்று. காகமும் கூகையும் கத்திய சத்தமே அவற்றுக்குப் பெயராயிற்று. கோடையில் மாமரத்தில் இருந்துகொண்டு விடாமல் கூப்பிடுவது “அக்காக் குருவி” ஆயிற்று. ஆனால் அரிவாள்மூக்கன் என்ற பெயர் கண்ணால் வைத்தது. அந்தப் பறவைக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் அலகு நீண்டு, கீழ்நோக்கி ஒரே சீராக வளைந்திருப்பதே அதற்குக் காரணம். அரிவாள் என்றவுடன் தேங்காய் வெட்டும் கொடுவாளை நினைத்துக்கொள்ளக் கூடாது. கதிர் அறுக்கும் கருக்கரிவாளை, அதையும் தீட்டித் தீட்டித் தேய்ந்து ஒடுங்கிப்போன பழைய கருக்கரிவாளை நினைத்தால் சரியாக இருக்கும்.

இரண்டும் ஒன்றா என்ற கேள்விக்கு: ஒரே குடும்பம், வெவ்வேறு இனங்கள். கரண்டிவாயன்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். கொங்குப் பகுதியில் நாம் பார்க்கும் அரிவாள்மூக்கன்கள் மூன்று. குளங்களில் கூட்டமாக நிற்கும் வெள்ளை அரிவாள்மூக்கன். மேட்டாங்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் இரண்டு மூன்றாகத் திரியும், உச்சந்தலையில் சிவப்புள்ள கருப்பு அரிவாள்மூக்கன். ஆழமில்லாத சேற்று நீரில் மேயும், உடல் சிறுத்த, பளபளக்கும் பழுப்பு அரிவாள்மூக்கன். ஹாடிடா இந்த மூன்றில் எதுவும் இல்லை.

இனி உங்கள் படங்கள். முதல் படத்தில் புல்வெளியில் நிற்கும் பறவையைப் பார்த்தால் சாம்பலும் பழுப்பும் கலந்த, சட்டென்று மனத்தில் நிற்காத உருவம் தெரிகிறது. அலகிலிருந்து வாலின் நுனிவரை ஏறத்தாழ 76 செ.மீ. நீளமும் ஒன்றேகால் கிலோ எடையும் கொண்ட பறவை இது. நீளம் நம்முடைய வெள்ளை அரிவாள்மூக்கன் அளவுதான், ஆனால் கால்கள் குட்டை. அந்தக் குட்டைக் காலால்தான் அது நிற்கும்போது குனிந்து எதையோ தேடுகிற வயதானவரைப் போலத் தோன்றுகிறது. பறக்கும்போதும் பாதங்கள் வாலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை. படத்தைப் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள். அலகின் அடியிலிருந்து கண்ணுக்குக் கீழாகக் கன்னத்தில் ஒரு வெளிறிய கோடு ஓடுகிறது. சுண்ணாம்பு தொட்ட விரலைத் துடைத்ததுபோல அழுக்கு வெள்ளையாக இருக்கும். அதை மீசை என்று வருணிப்பார்கள். அடுத்து அலகு: கீழலகு முழுவதும் கருமை, மேலலகின் முதுகில், அடியிலிருந்து பாதி நீளம்வரை, ஒரு சிவப்புக் கீற்று. இந்த மீசையும் இந்தச் சிவப்புக் கீற்றும் இருந்தால் அது ஹாடிடாதான், வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். இனப்பெருக்கக் காலம் தொடங்கும்போது கால்விரல்களின் மேற்புறமும் சிவந்துவிடும்.

கேள்வி: எகிப்தியர்கள் ஐபிஸ் பறவையைத் தெய்வமாக வணங்கியதாக மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். ஆப்பிரிக்காவில் சர்வ சாதாரணமாகக் காணப்படும் ஹாடிடா அதே பறவையா? தமிழில் இதை எந்தப் பெயரால் சொல்லிக் கொடுப்பது?
— ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அது வேறு, இது வேறு. ஐபிஸ் என்பது அரிவாள்மூக்கன்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயர். எகிப்தியர்கள் போற்றியது வெண்ணிற உடலும், இறகில்லாத கரிய தலையும் கழுத்தும் கொண்ட பறவை. புனித அரிவாள்மூக்கன் என்று அதைச் சொல்லலாம். எழுத்துக்கும் அறிவுக்கும் உரிய தெய்வமாகிய தோத்திற்கு அதன் தலையையே வைத்துச் சிற்பம் செய்தார்கள். சக்காரா போன்ற இடங்களின் நிலவறைகளில் இலட்சக்கணக்கான பறவைகளைப் பதப்படுத்தித் துணி சுற்றி அடுக்கினார்கள். அவ்வளவு பெருமையும் கடைசியில் உதவவில்லை. 19ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்தே அந்தப் பறவை மறைந்துபோயிற்று. சகாராவுக்குத் தெற்கே இன்றும் பரவலாக இருக்கிறது. நம் குளங்களில் இருக்கும் வெள்ளை அரிவாள்மூக்கன் அதற்குக் கூடப்பிறந்தது போன்றது. ஆகவே உங்கள் மாணவர்களுக்கு எகிப்தியத் தெய்வத்தின் முகம் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமானால், அருங்காட்சியகத்தைத் தேடிப் போக வேண்டாம். தண்ணீர் இருக்கும் காலமாகப் பார்த்து ஈரோட்டுப் பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயத்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாலே போதும்.

ஒரு சுவையான செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஹாடிடாவுக்குப் பெயர் வைத்த அதே ஜான் லேதம், அதே 1790இல்தான், எகிப்தியர் போற்றிய பறவைக்கும் நம்முடைய வெள்ளை அரிவாள்மூக்கனுக்கும் பெயர் வைத்தார். எகிப்தியருடையதற்கு “எத்தியோப்பிக்கஸ்” என்று இடத்தை வைத்தும், நம்முடையதற்கு “மெலனோசெபாலஸ்”, அதாவது கருந்தலையன் என்று தோற்றத்தை வைத்தும், ஹாடிடாவுக்குக் குரலை வைத்தும் பெயரிட்டிருக்கிறார். ஒருவரே ஒரே ஆண்டில் மூன்று பறவைகளுக்கு மூன்று வழியில் பெயரிட்டிருப்பது வகுப்பறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்காவதாக, பழுப்பு அரிவாள்மூக்கனின் அறிவியல் பெயரில் வரும் “பால்சினெல்லஸ்” என்ற சொல் அரிவாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எவர் கண்ணுக்கும் அந்த அலகு அரிவாளாகத்தான் தெரிந்திருக்கிறது.

தமிழ்ப் பெயரைப் பொறுத்தவரை என் கருத்து இது: மொழிபெயர்க்க முயலாதீர்கள். “ஆப்பிரிக்கப் பழுப்பு அரிவாள்மூக்கன்” என்று வைத்தால், நம் ஊரில் ஏற்கெனவே இருக்கும் பழுப்பு அரிவாள்மூக்கனோடு குழப்பம் வரும். “மீசை அரிவாள்மூக்கன்” என்றால் அந்த மீசையை அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். குரலே பெயரான பறவைக்கு அந்தக் குரலை விட்டுவிட்டுப் பெயர் வைப்பது, பாடகரைப் படம் பிடித்துப் பாட்டை விட்டுவிடுவதற்குச் சமம். “ஹாடிடா அரிவாள்மூக்கன்” என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் காதும் கண்ணும் ஒருங்கே நிறைவடையும். ஹகரம் வாயில் வராத சின்னக் குழந்தைகளுக்குக் காங்கேயத்து அம்மா வைத்த பெயர் இருக்கவே இருக்கிறது.

கேள்வி: சென்ற இதழில் வந்த சிறு படத்தில் ஹாடிடா கறுப்பாக இருந்தது. அதன் இறகு பச்சை என்கிறான் இணையத்தில் பார்த்த என் மகன், ஊதா என்கிறாள் மகள். எது சரி?
— நெசவாளர், சிறுமுகை

பதில்: மூவரும் சரி. காங்கேயம் வாசகி இப்போது அனுப்பியுள்ள இரண்டாவது படத்தில் வெயில் பக்கவாட்டில் விழுகிறது; பறவை இறக்கையைப் பாதி விரித்திருக்கிறது. தோளுக்குக் கீழே இறக்கையை மூடியிருக்கும் சிறு இறகுகள் ஒரு பக்கம் பச்சையாகவும், அரை அங்குலம் தள்ளி ஊதாவாகவும், ஓரத்தில் செம்பு நிறமாகவும் மின்னுகின்றன. அவரே மாலை மங்கலில் எடுத்த மூன்றாவது படத்தில் அதே இறகுகள் வெறும் அடுப்புக்கரி நிறம்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமும் போட்டு நெய்த மயில்கழுத்துச் சேலை, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும் அல்லவா? பார்வைக்கு அதுபோலத்தான், ஆனால் உள்ளே நடப்பது வேறு. சேலையில் இரண்டு சாயங்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஹாடிடாவின் இறகில் பச்சைச் சாயமும் இல்லை, ஊதாச் சாயமும் இல்லை. இறகின் மிக நுண்ணிய கிளைகளில் கருநிறமியும் மெல்லிய படலங்களும் அமைந்திருக்கும் ஒழுங்கினால், படும் ஒளியில் சில நிறங்கள் மட்டும் வலுப்பெற்றுத் திரும்புகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் திரும்பி வரும் நிறமும் மாறும். மழை நாளில் பேருந்து நிலையத்துத் தண்ணீரில் டீசல் படலம் காட்டும் வண்ணமும், மாடப்புறாவின் கழுத்து மினுமினுப்பும் இதே வகைதான். ஒளி போதாவிட்டால் அடியிலுள்ள கருமை மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: இந்தப் பறவை ஆப்பிரிக்காவில் எந்தெந்தப் பகுதிகளில் இருக்கிறது? அது வயலுக்கு நல்லதா, கெட்டதா? நம் ஊருக்கு வலசை வர வாய்ப்புண்டா?
— விவசாயி, கவுந்தப்பாடி

பதில்: மேற்கே செனகல், காம்பியா தொடங்கிக் கிழக்கே எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா வரையும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரையும் சகாராவுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் பறவை இது. பாலைவனமாகக் காய்ந்து கிடக்கும் இடங்களில் மட்டும் இராது. மூன்று உள்ளினங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சாம்பேசி ஆற்றுக்குத் தெற்கே ஒன்று. சூடான், எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வழியாகத் தான்சானியாவின் வடமேற்குவரை ஒன்று. செனகலிலிருந்து கென்யாவரையும் தெற்கே சாம்பேசிப் பள்ளத்தாக்குவரையும் ஒன்று. இந்தப் பிரிவினை நிபுணர்களுக்கே பயன்படும்; நமக்கு வேண்டியது வேறொரு விஷயம்.

தென்னாப்பிரிக்காவில் மட்டும் எடுத்துக்கொண்டால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வாழ்ந்த பரப்பைப் போல இரண்டரை மடங்குப் பரப்பில் இன்று வாழ்கிறது. பறவைகள் குறைந்துகொண்டு வருகின்றன என்றே படித்துப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். குடியேற்றக் காலத்தில் துப்பாக்கிக்கு இரையாகித் தெற்கில் குறைந்துபோன பறவைதான் இது. அவ்வளவு பெரிய உடலும், தான் இருக்கும் இடத்தைத் தானே ஊருக்கு அறிவிக்கும் வாயும் வேட்டைக்காரனுக்கு எளிதாகப் போயிற்று. 1934இல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் சட்டம் உயிரைத்தான் காத்தது. பரவுவதற்கு வழி செய்தவை மரமும் தண்ணீரும். மரமே இல்லாத மேட்டுப் புல்வெளிகளில் பண்ணைவீடுகளைச் சுற்றியும் ஊர்களிலும் மனிதர்கள் மரம் நட்டார்கள். இரவில் அடைவதற்கும் கூடு கட்டுவதற்கும் இடம் கிடைத்தது. அணை கட்டி, கால்வாய் வெட்டி, வயலுக்கும் புல்தரைக்கும் தண்ணீர் பாய்ச்சினார்கள். வறண்ட மாதங்களிலும் மண் ஈரமாகவே இருந்தது. முன்னர் கிழக்குப் பக்கத்தின் ஈரநிலங்களை ஒட்டியிருந்த பறவை, அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டே மேற்கே நகர்ந்து, இன்று கேப் டவுன் நகரத்துப் பூங்காக்களில்கூட மேய்கிறது.

ஈரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இந்தப் பறவை கண்ணால் இரை தேடுவதைவிட அலகால் தேடுவதே அதிகம். அரிவாள்மூக்கன்களுடைய அலகு நுனியின் எலும்பில் தேன்கூட்டு அறைகளைப் போல நுண்ணிய குழிகள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றுக்குள் அதிர்வை உணரும் நரம்பு முனைகள் பொதிந்திருக்கின்றன. அலகை மண்ணுக்குள் செருகி வைத்தால், சற்றுத் தள்ளி மண்ணுக்குள் நெளியும் புழுவின் அசைவுகூட அலகுக்குத் தெரிந்துவிடும். கையால் தொடாமலே தொட்டறிவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வறண்டு இறுகிய மண்ணில் அலகும் இறங்காது, அதிர்வும் சரியாக வந்து சேராது. நன்றாக நனைந்த மண்ணில் இரண்டும் நடக்கும்.

உங்கள் பக்கத்திலேயே இதைப் பார்க்கலாம். 1950களில் கீழ்பவானி வாய்க்கால் வந்து இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் நனைக்கத் தொடங்கிய பூமி உங்களுடையது. ஆகஸ்டில் வாய்க்காலில் தண்ணீர் விட்டு, மடை திறந்து, சேற்றுழவு ஓட்டும் நாளில் டிராக்டருக்குப் பின்னால் வரும் பறவைகளைக் கவனியுங்கள். கொக்குகள் சக்கரத்தை ஒட்டியே ஓடி, மேலே புரண்டு வந்ததைக் கண்ணால் பார்த்துக் கொத்தும். வெள்ளை அரிவாள்மூக்கன் அவசரப்படாது. நாலு அடி பின்னால் வந்து, தையல் ஊசி போல அலகைச் சேற்றில் இறக்கி இறக்கி எடுத்துக்கொண்டே நடக்கும். ஹாடிடா புல்தரையில் செய்வதும் இதையேதான்.

நல்லதா என்றால், நல்லதுதான். புழு, பூச்சி, நத்தை, சிலந்தி, வண்டுகளின் புழுக்கள் ஆகியவையே இதன் உணவு, பயிரைத் தின்பதில்லை. புல்லின் வேரைத் தின்னும் புழுக்களை நோண்டி எடுப்பதால் கோல்ப் மைதானத்துக்காரர்கள் இதை விரும்பி வரவேற்கிறார்கள். ஜொகன்னஸ்பர்க்கில் வீட்டுத் தோட்டங்களில் இருக்கும், விரல் நீளத்துக்கு மேல் வளரும் செந்நிற ராட்சதச் சில்வண்டு ஒன்றை, முதலில் அது பேர்பெற்ற பேட்டையின் பெயரால் “பார்க்டவுன் இறால்” என்று கேலியாகச் சொல்வார்கள். அதையும் ஹாடிடா விடாது. சங்கப் பாட்டு ஒன்று அன்றில் என்னும் பறவையின் வளைந்த வாயை இறாலுக்கு ஒப்பிடுவது நினைவுக்கு வருகிறது. இங்கே இறால் போன்ற வாய்க்குள் இறால் என்று பேர் பெற்ற பூச்சி போகிறது.

நம் ஊருக்கு வராது. மழையை ஒட்டி அங்கங்கே சிறிது இடம் மாறுமே தவிர, இது கடல் கடந்து வலசை போகும் பறவை அன்று. நகரத்து ஹாடிடாக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவைச் சுற்றியே காலம் கழிக்கும். இரண்டு கண்டங்களுக்கும் பொதுவான அரிவாள்மூக்கன் வேண்டுமென்றால், அது பழுப்பு அரிவாள்மூக்கன்தான்.

கேள்வி: அது ஏன் அப்படிக் கத்துகிறது? அங்குள்ளவர்கள் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறார்கள்?
— வாசகர், திருப்பூர்

பதில்: இரவில் கூட்டமாக அடையும் மரத்திலிருந்து விடியலில் மேய்ச்சலுக்குப் புறப்படும்போதும், அந்தியில் திரும்பும்போதும் ஒன்றையொன்று விட்டுப்போகாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே பறக்கும், யாராவது விரட்டினாலும் கத்தும். பறப்பதற்குப் பயந்துதான் கத்துகிறது என்று அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது காதைப் பிளந்த ஊதுகுழலை நினைத்து, “பறக்கும் வுவுசெலா” என்றும் சொல்வார்கள். பின்னலாடை எந்திரங்களின் சத்தத்தில் உறங்கிப் பழகிய ஊர்க்காரர் இப்படிக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் கொறங்காட்டில் (வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில்) கறுப்பான, வளைந்த மூக்குள்ள பறவைகள் இரண்டு அடிக்கடி மேய்கின்றன. பறக்கும்போது பெருஞ்சத்தம் போடுகின்றன. உங்கள் கடிதப் பக்கத்தைப் படித்ததும் ஹாடிடாவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.
— வாசகர், தாராபுரம் வட்டம்

பதில்: ஹாடிடா இல்லை, நம்முடைய கருப்பு அரிவாள்மூக்கன். சந்தேகம் நியாயமானதே. இரண்டும் தண்ணீரை விட்டு விலகி வறள்நிலத்தில் மேயக்கூடியவை; இரண்டும் ஜோடியாகவோ சிறு கூட்டமாகவோ திரிபவை; இரண்டுக்கும் வாய் பெரிது. வேறுபாட்டை இப்படிப் பாருங்கள். கருப்பு அரிவாள்மூக்கனுக்கு உச்சந்தலை இறகில்லாமல் கறுத்து, அதன் பின்பாதியில் முக்கோணமாகச் சிவந்திருக்கும். இறக்கையின் தோள்பட்டையில் ஒரு வெள்ளைத் திட்டு. கால்கள் செங்கல் நிறம். ஹாடிடாவுக்குத் தலை முழுவதும் இறகு, தோளில் வெள்ளை கிடையாது, கால் கறுப்பு.

சென்ற ஆண்டு காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் ஒரு கொறங்காட்டின் கிளுவை வேலிக்கு வெளியே நின்று இதை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். வெள்வேல மரத்தின் நிழலில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. பறவை காய்ந்த சாணத்தின் விளிம்பில் அலகை விட்டு ஒரே நெம்பாக நெம்பிப் புரட்டி, அடியில் இருந்த வண்டை எடுத்து, தலையை மேலே உதறி விழுங்கியது. அப்போது தலையின் சிவப்பைத் தெளிவாகப் பார்த்தேன். அது வழவழப்பான தோல் இல்லை, சிறுசிறு பருக்களாகப் பாகற்காய்த் தோல் போல இருந்தது. “பாப்பில்லோசா” என்ற அறிவியல் பெயர் அந்தப் பருக்களைத்தான் குறிக்கிறது. அன்றில் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முன்னே நான் சொன்ன அதே குறுந்தொகைப் பாட்டு “நெருப்பின் அன்ன செந்தலை அன்றில்” என்று தொடங்குவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் கொறங்காட்டுப் பறவைதான் கண்முன் வருகிறது.

கேள்வி: வெள்ளோட்டில் பறவைகள் ஒரே மரத்தில் நிறையக் கூடு கட்டுகின்றன. ஹாடிடாவும் அப்படித்தான் கட்டுமா? எத்தனை முட்டை இடும்?
— ஆறாம் வகுப்பு மாணவி, பெருந்துறை

பதில்: கட்டாது, கண்ணு. வெள்ளை அரிவாள்மூக்கன் மற்ற நீர்ப்பறவைகளோடு சேர்ந்து ஒரே மரத்தில் குடித்தனம் நடத்தும். ஹாடிடா இரவில் தூங்குவதற்கு மட்டும் கூட்டமாக ஒரு மரத்தில் சேரும். கூடு கட்டும்போது ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி மரத்தைப் பார்த்துக்கொள்ளும். கிளை கவைபிரியும் இடத்தில் குச்சிகளைப் போட்டுத் தட்டுப்போல ஒரு கூடு. கொஞ்சமும் நேர்த்தி இருக்காது. அதில் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். தாயும் தகப்பனும் முறை வைத்து ஏறத்தாழ 26 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் இரண்டும் இரையை விழுங்கி வந்து கக்கி ஊட்டும். கூடு அப்படி இருப்பதால் குஞ்சுகள் பல தவறிக் கீழே விழுந்து இறந்துவிடும். ஜொகன்னஸ்பர்க் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு குஞ்சு விழுந்து கிடந்ததாகவும், அதைக் கையில் எடுப்பதற்குள் பெரியவை இரண்டும் வேலியில் வந்து உட்கார்ந்து தெருவையே கூட்டிவிட்டதாகவும் காங்கேயத்து அம்மா தம் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை ஏணி வைத்து ஏறிக் குஞ்சைக் கூட்டில் திரும்ப வைத்தாராம்.